நீலம் இரண்டு

பிரிட்ஜ்போர்ட்டில், பழைய பொத்தான் ஆலையின் மூன்றாம் மாடியில்
நாங்கள் பதினோரு பெண்கள்.
அடியில் விளக்கெரியும் கண்ணாடி மேசை,
அதன்மேல் படக்கதையின் ஒரு பக்கம்,
பக்கத்தின்மேல் ஒளி புகும் தாள்.
நிறம் பூசுகிறவர்கள் என்று எங்களுக்குப் பெயர்.
நிறத்தை நாங்கள் கண்டதில்லை.
தூரிகையில் இருப்பது எப்போதும் ஒரே கரும்பழுப்புக் குழம்பு.
மஞ்சளுக்கு மூன்று தாள், சிவப்புக்கு மூன்று, நீலத்துக்கு மூன்று.
எந்தத் தாளில் பூசினோமோ அந்த நிறம்
வேறோர் ஊரில், வேறோர் இயந்திரத்தில்
மூன்று மாதம் கழித்துப் பிறக்கும்.

நியூயார்க்கிலிருந்து பென்சிலில் குறிப்பு வரும்:
அவர் மேலங்கி, சிவப்பு முழுசு.
தோல், மஞ்சள் இரண்டு சிவப்பு இரண்டு.
(வேறு தோல் கேட்டு ஒரு குறிப்பும் வந்ததில்லை.)
கூட்டம், நீலம் இரண்டு.

தொப்பி, கைப்பை, திறந்த வாய்,
இடுப்பில் இடுக்கிய பிள்ளை,
எல்லாவற்றின்மேலும் ஒரே இழுப்பு.
பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலி.
ஆளாளுக்குச் சட்டை மாற்றிக்கொண்டிருந்தால்
வாடகையை யார் கொடுப்பது?
ஓடியவர்கள் நீலமாக ஓடினார்கள்.
பாலம் இடிந்தபோது நீலமாகவே விழுந்தார்கள்.
அடுத்த கட்டத்தில் புழுதி.
அதற்குக் குறிப்பு: ஒன்றும் பூச வேண்டாம்.

அறுபத்தெட்டு, மார்ச்.
பக்கம் பதினேழில் அவர் ஒரு டாங்கியைத் தூக்கினார்.
நம் பக்கத்து டாங்கிதான்,
கைக்கெட்டியது அதுதான் போல.
ராட்சசன்மேல் வீசினார்.
எழுத்து மட்டும் அரைப் பக்கம்: டமால்.

என் எதிர் மேசையில் மர்சேலா துடாஷ்.
அவள் மகன் எமில் அங்கே டாங்கி ஓட்டுகிறான்.
அங்கே என்றால் எங்கே என்று அந்த வருடம் யாரும் கேட்கவில்லை.
தூரிகையைக் கீழே வைத்தாள்.
மேற்பார்வையாளர் ஹார்ட்விக்கைக் கூப்பிட்டாள்.
"இதை ஓட்டி வந்தது யார்?"
அவர் குனிந்து பார்த்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி பார்த்தார்.
"விமானம் என்றால் பாராசூட் வரைவார்கள், மர்சேலா,
அது விதி.
டாங்கிக்கு அப்படி எதுவும் இல்லை."
பிறகு, நல்ல மனிதர் அவர்,
"உள்ளே யாரும் இல்லை என்று வைத்துக்கொள்" என்றார்.

அவள் வைத்துக்கொள்ளவில்லை.
பச்சைக்கு உரிய தாள்களில் பச்சையைப் பூசினாள்.
மூடியின் விளிம்பில் மட்டும்
ஓர் அரிசி அளவு இடம் விட்டாள்.
அந்த இடத்தில்
மஞ்சள் இரண்டு, சிவப்பு இரண்டு.

நான் ஏன் அதைச் செய்தேன், தெரியாது.
பக்கம் பதினான்கு, பாலத்தின்மேல் ஓடும் கூட்டம்.
ஒரு செருப்பைத் தொலைத்த ஒருத்தி.
நீலத் தாளில் அவளைச் சுற்றிப் பூசி
மஞ்சள் தாளில் அவளை முழுசாக நிரப்பினேன்.
இரண்டு நிமிடம் கூடுதல்.

ஜூனில் மருந்துக்கடைச் சுழல்தட்டில் வந்திருந்தது, பன்னிரண்டு சென்ட்.
தலைவலி மாத்திரைக்குப் போனவள் நின்றபடியே புரட்டினேன்.
இருந்தாள்.
கோட் மஞ்சள், முகமும் மஞ்சள்
(முகத்தை நான் மறந்துவிட்டேன்),
காமாலை வந்தவள்போல, நீல ஆற்றில் தனியாக.
மறு கட்டத்தில் தேடினேன். புழுதி.
அதற்கடுத்ததில். அதற்கடுத்ததில்.
கடைசிப் பக்கத்தில் மேயர் அவர் கையைக் குலுக்குகிறார்:
"கடவுள் புண்ணியம், யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை!"
பின்னால் கைதட்டும் கூட்டம், நீலம்.
ஒவ்வொரு தலையாக எண்ணினேன்.
கடைக்காரர், வாங்கப் போகிறாயா இல்லையா என்றார்.

பதினேழாம் பக்கத்தில் டாங்கி பறக்கிறது.
மூடியருகே இளஞ்சிவப்பாக ஒரு துளி.
அச்சுப் பிழை என்பார்கள்.
விரல் என்று தெரிந்தவர்கள் இரண்டு பேர்.

மர்சேலா நான்கு பிரதி வாங்கினாள்.
கடிதம் வந்ததா என்று
நாங்கள் அவளிடம் கேட்பதை ஏப்ரலிலேயே நிறுத்தியிருந்தோம்.

திங்கட்கிழமை புதுப் பக்கங்கள் வந்தன,
ஒரு துறைமுகம், ஓர் எரியும் கப்பல்.
பென்சில் இந்த முறை தாளை அழுத்தியிருந்தது:
கூட்டம், நீலம் இரண்டு.
கீழே கோடிட்டு,
எல்லோரும்.